யாத்திரை வேனும் நாலு டயரும்

(புத்தளம் கரையோரத் திருவிழாக்களுக்குப் புறப்படும் தோட்டக் குடும்பங்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்துவிட்டு, இரவுச் சமையலையும் ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். வருஷத்தில் இரண்டு தடவையாவது நம்முடைய லயன்களிலிருந்து வேன்கள் புத்தளம் பக்கம் புறப்படுகின்றன. மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் தலவில புனித அன்னம்மாள் திருவிழா. ஆடியில் உடப்பு திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்பு. ஆவணியில் முன்னேஸ்வரம் திருவிழா. இந்துக் குடும்பம் தலவிலவுக்குப் போவதும், கிறிஸ்தவக் குடும்பம் முன்னேஸ்வரத்தில் இறங்கிக் கும்பிடுவதும் நம் மக்களிடம் புதுமையல்ல. நேர்த்தி, சாமான், சோற்றுப் பொட்டலம், பிள்ளைக்கு மருந்து எல்லாவற்றையும் பத்து நாளுக்கு முன்பே யோசிக்கிறோம். வேனுக்குச் சீட்டுப் போட்டுக் காசு சேர்க்கிறோம். ஆனால் அந்த வேன் எந்த டயரில் ஓடுகிறது என்று யாராவது குனிந்து பார்க்கிறோமா? இன்றைக்குப் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

"அது டிரைவர் வேலை, நமக்கென்ன?" என்று நினைக்கலாம். வேன் டிரைவருடையதாக இருக்கலாம், உள்ளே இருக்கிற பிள்ளை நம்முடையது. அதோடு டயர் ஒன்றும் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. 1876 இல் இங்கிலாந்திலிருந்து வந்த இறப்பர் கன்றுகளை கம்பஹாவுக்குப் பக்கத்திலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகளில் அந்த மரத்தில் பால் வெட்டியவர்களில் நம் பாட்டன் பாட்டிமாரும் உண்டு. 1952 இல் இந்த நாடு சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கியது. இன்றும் உலகத்துக்கு டயர் செய்து அனுப்புகிற நாடுகளில் இலங்கையும் ஒன்று. நாம் வெட்டின பாலில் செய்த பொருளைப் பற்றி நாமே தெரிந்துகொள்ளாமல் இருக்கலாமா?

நாலு கையகலம்

ஒரு டயர் ரோட்டைத் தொடுகிற இடம் கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அகலம்தான். அப்படியானால் வேனும், பதினாலு பேரும், கூரையில் கட்டின மூட்டையும் சேர்ந்து நாலு கையகலத்தில்தான் நிற்கிறது, திரும்புகிறது, பிரேக் பிடிக்கிறது.

சாதாரண வேன் டயர் ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 480 தடவை சுற்றும். அட்டன் பக்கத்திலிருந்து கண்டி, குருணாகல், புத்தளம் வழியாகத் தலவில போய்ச்சேர 200 கிலோமீற்றருக்கு மேல். அதாவது போகிற வழியில் மட்டும் ஒவ்வொரு டயரும் கிட்டத்தட்ட ஒரு இலட்சம் தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கச் சுவர் ஒரு தடவை மடங்கி நிமிர்கிறது. காற்று சரியாக இருந்தால் கொஞ்சமாக மடங்கும். குறைவாக இருந்தால் அதிகமாக மடங்கும். ஒரு கம்பித் துண்டைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பாருங்கள், வளைகிற இடம் சுடும். டயரிலும் அதுதான் நடக்கிறது. சூடு ஏறினால் இறப்பர் இளகும், உள்ளே இருக்கிற நூலும் கம்பியும் இறப்பரை விட்டுப் பிரியும், கடைசியில் கிழியும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2000 ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பனி 65 இலட்சம் டயர்களைத் திருப்பி எடுக்க வேண்டி வந்தது. ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்ற வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்த டயர்களின் மேல்தோல் பிரிந்து வண்டிகள் உருண்டன. 250 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். டயர் செய்த முறையிலும் குறை இருந்தது. வெப்பமான ஊர்கள், குறைந்த காற்று, நீண்ட ஓட்டம் என்பவையும் சேர்ந்துகொண்டன. மலையிலிருந்து இறங்கி நிக்கவெரட்டியப் பக்கத்து வெயில் ரோட்டில் ஓடும் நம் வேனுக்கும் அதே வெயில், அதே ஓட்டம்தான்.

மலையில் அடித்த காற்று கீழே வெடிக்குமா?

நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. "மேல குளிர்ல அடிச்ச காத்து, கீழ வெயில்ல போனா வீங்கி வெடிச்சிரும். கொஞ்சம் காத்த எறக்கி விடுங்க" என்று. சில டிரைவர்மாரும் அப்படிச் செய்கிறார்கள். இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. கற்பிட்டிக் கரையோ கடல் மட்டம். இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால், டயருக்குள் அளந்தால் காட்டுகிற அளவு சுமார் 3 பி.எஸ்.ஐ. குறையும். அதே சமயம் குளிரிலிருந்து வெயிலுக்கு வருவதால் உள்ளே சூடேறி இரண்டு இரண்டரை பி.எஸ்.ஐ. கூடும். ஒன்று கூட, ஒன்று குறைய, கடைசியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஓடும்போது ஏறுகிற சூட்டால் இன்னும் நாலைந்து கூடும்தான். டயர் செய்கிறவர்கள் அதையும் கணக்கில் எடுத்துத்தான் செய்கிறார்கள்.

ஆகவே புறப்படும் முன்பும், வழியில் சூடாக இருக்கும்போதும் காற்றை இறக்கக் கூடாது. இறக்கினால் வெடிக்காமல் இருக்கச் செய்கிற வேலையே வெடிக்க வைக்கும். எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். ஆள் நிறையும்போது பின் டயருக்குக் கூடுதலான அளவு அதிலேயே இருக்கும். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து அடிக்க வேண்டும்.

பாலாவிக்கு அப்பால் நடந்தது

நாங்களும் கூடச் சென்ற ஒரு ஆகஸ்ட் பயணத்தில் நடந்ததைச் சொல்கிறோம். புத்தளம் தாண்டி, பாலாவிச் சந்தியில் கற்பிட்டி ரோட்டுக்குத் திரும்பி, நுரைச்சோலைக்கு இன்னும் கொஞ்சத் தூரம். பின் பக்கத்து இடது டயர் பெரும் சத்தத்தோடு போய்விட்டது. டிரைவர் அனுபவசாலி. பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேன் தானாக வேகம் குறைந்த பிறகு இடது ஓரத்தில் நிறுத்தினார். டயர் போகும்போது பிரேக்கை ஓங்கி மிதித்தால் வண்டி சுழலும். இதை வேன் ஓட்டுகிற, திரீவீலர் ஓட்டுகிற நம் தம்பிமார் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் இடது பக்கமாக இறங்கி, ரோட்டை விட்டுத் தள்ளித் தென்னை நிழலில் நின்றார்கள். அந்தப் பக்கம் முழுவதும் மணல் தரை. ஜாக்கை வைத்தால் வேன் உயராது, ஜாக்குத்தான் மணலுக்குள் இறங்கும். நல்ல வேளையாக டிரைவரிடம் ஒரு பலகைத் துண்டு இருந்தது. அதை அடியில் போட்டு, மற்றச் சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்து, அதன் பிறகுதான் தூக்கினார். கழற்றிய டயரின் பக்கச் சுவர் சுற்றிவர அறுந்து கிடந்தது. உள்ளே கறுப்புத் தூள் கொட்டியது. காற்றுக் குறைந்தபடியே நெடுந்தூரம் ஓடி, உள் சுவர் அரைபட்டதற்கு அந்தத் தூள் அடையாளம். அப்படிப்பட்ட டயரை யார் ஒட்டிக் கொடுத்தாலும் வாங்கிப் போடக் கூடாது. ஆணி குத்தின ஓட்டை நடு மேல்தோலில் இருந்தால் ஒட்டலாம். பக்கச் சுவர் போனால் டயர் போனதுதான்.

ஸ்பெயார் வீலை இறக்கினால், அது கார் டயர்! ரிம் 14 அங்குலம்தான், போல்ட்டும் பொருந்தியது. ஆனால் வேனில் இருந்தது 195 ஆர் 14 சி. ஸ்பெயாரில் இருந்தது 185/70 ஆர் 14.

"பொருந்துதுதானே, மாட்டிட்டுப் போவோம் அண்ணே. கொடியேத்தம் முடிஞ்சிரும்" என்றார்கள் சிலர். அந்தப் பேச்சைக் குறை சொல்ல முடியாது. அரை வருஷம் சேர்த்த காசு, ஒரு நாள் லீவு, பிள்ளைக்கு வைத்த நேர்த்தி. ஆனால் டயரின் பக்கத்தில் இருந்த இரண்டு எண்களை டிரைவர் காட்டினார். வேன் டயரில் 106. அந்த எண்ணுக்கு ஒரு டயர் 950 கிலோ தாங்கும் என்று அர்த்தம். கார் டயரில் 88. அது தாங்குவது 560 கிலோ. வேன், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து 2,600 கிலோவுக்குக் குறையாது. அதிலும் பின் சில்லில்தான் பாரம் கூட. சின்னக் கூடையில் பெரிய கூடைக் கொழுந்தை அடைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

முடிவு இப்படி ஆனது. பெண்களும் பிள்ளைகளும் பெரியவர்களும் கற்பிட்டி பஸ்ஸில் ஏறித் தலவிலவுக்குப் போனார்கள். வேன் வெறுமையாக, மெதுவாக, அந்தக் கார் டயரோடு புத்தளம் டவுனுக்குத் திரும்பியது. நாங்களும் இரண்டு இளைஞர்களும் கூடப் போனோம்.

மூணு நல்லா இருக்கே, ஒண்ணு போதாதா?

கடையில் புது டயரின் விலை கேட்டு வாய் அடைத்துப் போனோம். 2020 இல் டொலர் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி நின்றது, டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியது. வாகன இறக்குமதியை மீண்டும் திறந்தது 2025 இல்தான். இதனால் பழைய வண்டிகள் பழையபடியே ஓடுகின்றன. கிடைத்த டயரைக் கிடைத்த சில்லில் போடுகிற பழக்கமும் ஊன்றிவிட்டது. நாலு சில்லில் நாலு விதமான டயர் ஓடுகிற வேன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கடையில் இரண்டு வழி இருந்தது. அந்த ரிம்முக்குப் பொருந்தும் ஒற்றை நைலோன் டயர் மலிவாக இருந்தது. 195 ஆர் 14 சி அளவில், ஒரே கம்பனியின், ஒரே அளவு தேய்ந்த, பாவித்த ரேடியல் டயர் ஒரு ஜோடியும் இருந்தது. ஜோடிக்குக் காசு கூட. கூட வந்த தம்பி கேட்டார்: "மத்த மூணும் நல்லாத்தானே இருக்கு. ஒண்ணு வாங்கினா போதாதா?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இதுதான்.

நைலோன் டயரில் உள் நூல் குறுக்கு மறுக்காகப் போகும், சுவர் விறைப்பாக இருக்கும். ரேடியலில் நூல் நேராகப் போகும், மேல்தோலுக்கு அடியில் கம்பிப் பட்டி இருக்கும், சுவர் வளைந்து கொடுக்கும். திரும்பும்போது இரண்டும் இரண்டு விதமாக நடக்கும். ஒரே அச்சில் ஒன்று நைலோன், ஒன்று ரேடியல் போட்டால், ஒரே தடியின் இரண்டு பக்கம் குட்டை ஆளும் நெட்டை ஆளும் பாரம் சுமப்பது மாதிரி. மழை ரோட்டில், கடுகண்ணாவை வளைவில் அது தெரியவரும். அப்போது தெரிந்து பயனில்லை.

அளவு மாறினாலும் அப்படித்தான். 195 ஆர் 14 சி டயருக்கும் 185 ஆர் 14 சி டயருக்கும் உயரத்தில் சுமார் 16 மில்லிமீற்றர் வித்தியாசம். நூறு கிலோமீற்றர் ஓடினால் சின்ன டயர் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் கூடுதலாக உருள வேண்டும். அந்த வித்தியாசத்தைப் பின் அச்சு நடுவிலுள்ள டிஃபரென்ஷல் ஓயாமல் ஈடுகட்டி, அதுவும் சூடாகும். முன் சில்லில் என்றால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். புதிசும் மொட்டையும் ஒரே அச்சில் ஓடினாலும் இதே கதைதான்.

தோட்டத்து லொறி டிரைவர்மாருக்கு ஒரு வார்த்தை. பின்னால் இரட்டை டயர் போடுகிற இடத்தில் ஒன்று உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்தால், உயரமானது மட்டும்தான் பாரம் சுமக்கும். இரண்டு பேர் தூக்க வேண்டியதை ஒருவர் தூக்கினால் எவ்வளவு தூரம் போவார்?

காசைப் பார்த்துப் பேசி, கடைசியில் ஜோடியாகவே வாங்கினோம். பின் அச்சில் இரண்டும் ஒன்றாக ஏறின. பின்னால் மிஞ்சிய நல்ல டயர் ஸ்பெயாருக்குப் போனது. கார் டயர் கடையிலேயே நின்றது. செலவில் பாதி வேன்காரர், பாதி பயணக்காரர் என்று பேசி முடித்தார்கள். தலைக்குக் கொஞ்சம் கூடத்தான் விழுந்தது. மூன்றாம் நாள் மழையிலும் மூடுபனியிலும் கினிகத்தேன வளைவெல்லாம் ஏறி, போன எல்லாரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

வழியில் வேறு வழியே இல்லை என்றால்?

எல்லா நேரமும் ஜோடி டயர் வாங்கக் காசும் இருக்காது, கடையும் இருக்காது. மாறின டயரோடு ஓடியே ஆக வேண்டும் என்றால், அது அடுத்த டயர் கடை வரைக்கும் மட்டும். ஆளையும் சாமானையும் குறையுங்கள். மெதுவாக ஓட்டுங்கள். திடீர்ப் பிரேக் வேண்டாம். மழை வந்தால் நில்லுங்கள். நல்ல ஜோடி பின்னால் இருக்கட்டும். பின் சில்லு வழுக்கினால் வண்டியை மீட்பது கஷ்டம். சில ஜப்பான் கார்களில் ஒல்லியான ஸ்பெயார் வீல் இருக்கும். அது 80 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டக் கூடாத, தற்காலிகமான சில்லு. முன் சில்லால் இழுக்கிற காரில் முன் டயர் போனால், பின்னாலுள்ள நல்லதை முன்னுக்கு மாற்றி, ஒல்லியானதைப் பின்னுக்குப் போடுவது நல்லது. சில கார்களில் ஸ்பெயாரே கிடையாது. புறப்படும் முன்பே திறந்து பாருங்கள்.

சில்லு மாற்றினால் நட்டுகளை வட்டமாக வரிசையில் இறுக்காமல், எதிரும் புதிருமாக இறுக்குங்கள். 50 கிலோமீற்றர் ஓடின பிறகு இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள். யாருக்காவது அடிபட்டால் 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாமல் வரும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

தாய்மார்களே, வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகும்போது கையில் இந்த ஐந்தை வைத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப்போனால் போதும்.

1. நாலு டயரிலும் ஸ்பெயாரிலும் உள்ள அளவை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே அச்சில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேனுக்கு 'சி' என்ற எழுத்துள்ள பாரம் தாங்கும் டயர்தான் வேண்டும்.

2. டயரின் பள்ளங்களுக்குள் சின்ன மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீற்றர். மேல்தோல் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது.

3. பக்கத்தில் நாலு இலக்கம் ஒரு சிறு வட்டக் கூட்டுக்குள் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம் செய்தது. ஆறு வருஷம் தாண்டினால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருஷம் தாண்டினால், பூ அப்படியே இருந்தாலும் வேண்டாம். பாவித்த டயர் வாங்கும்போது இது முக்கியம்.

4. வெடிப்பு, வீக்கம், கம்பி தெரிவது இருக்கிறதா என்று உள் பக்கமும் குனிந்து பாருங்கள். வெளிப் பக்கம் மட்டும் பளபளக்கக் கறுப்பு மை பூசுகிற வேலையும் உண்டு. ரீபில்ட் டயர் முன் சில்லில் வேண்டாம்.

5. ஜாக்கு, வீல் பிரேஸ், பலகைத் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேட்டால் வேன்காரர் கோபிப்பார் என்று பயப்பட வேண்டாம். "அண்ணே, பிள்ளைகுட்டியோட வாறோம், ஒருக்கா டயரப் பார்த்துக்கிறோம்" என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல வேன்காரர் சந்தோஷப்படுவார். கோபித்தால் வேறு வேன் தேடுங்கள். தலைக்கு இருநூறு ரூபாய் குறைவு என்பதற்காக ஏறிவிட்டு, வழியில் அதைவிடக் கூட அழிக்க வேண்டாம்.

செத்த டயரை என்ன செய்வது?

கடைசியாக ஒன்று. போன டயரை லயன் பின்னால் போட்டுவிடாதீர்கள். அதற்குள் ஒரு கோப்பை மழைத் தண்ணீர் நின்றாலே டெங்கு நுளம்புக்குப் போதும். எரிக்கவும் வேண்டாம், அந்தக் கரும்புகை பிள்ளைகளின் மூச்சுக்கு விஷம். மண் நிரப்பிப் படிக்கட்டுக்கோ மண் அணைக்கோ போடலாம். அடியில் துளை போட்டுச் செடி வைக்கலாம். நாம் யாத்திரை போகிற அதே பாலாவியில் உள்ள சீமெந்துத் தொழிற்சாலையின் உலையில் பழைய டயர்களையும் எரிபொருளாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கிளிங்கர் 1,400 பாகைக்கு மேல் வேகும் அந்த உலை வேறு, நம் லயன் முற்றத்து நெருப்பு வேறு.

சாமி காப்பாற்றும் என்பதில் எங்களுக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கொழுந்து மலைக்கு ஏறும்போது சாமியைக் கும்பிட்டுவிட்டுக் காலடியையும் பார்த்துத்தானே வைக்கிறோம்? வேனில் ஏறும்போதும் அப்படியே செய்யுங்கள். இந்தத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் போன எண்ணிக்கைக்குக் குறையாமல் திரும்பி வரவேண்டும். திரும்பி வந்ததும் பிரசாதத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு வையுங்கள்.